மட்டக்களப்பு மணல்ல பாஸ்னிப்: விதையில இருந்து சட்டி வரைக்கும்

பாஸ்னிப் எண்டா என்ன எண்டு கேக்குற ஆக்களுக்கு முதல்ல சொல்லிர்றன். கரட்டுட மூத்த சகோதரம் மாதிரி ஒரு கிழங்கு, நிறம் மங்கல் வெள்ளை, மேல தோள் அகலமா இரிக்கும், கீழ போகப் போக எலி வால் மாதிரி ஒடுங்கும். கரட், கொத்தமல்லி, செலறி எல்லாம் இதுட குடும்பம்தான், இலையக் கசக்கி மணந்து பாத்தா ஒடனே தெரியும். லண்டன்ல சொந்தக்காரர் இரிக்கிற ஆக்கள் நத்தார் நேரம் வீடியோ கோல்ல பாத்திரிப்பீங்க, ஓவன்ல போட்டு செவக்கச் செவக்க வெச்சிரிப்பாங்க. என்ட மச்சாள் ஒருத்தியும் அங்கதான் இரிக்கா, நாலு வரிசத்துக்கு முதல் ஒரு நாள் கமராவுக்கு முன்னால காட்டிக் காட்டித் திண்டா, அதுல வந்த வீம்புதான் இதெல்லாம்.

இது வரைக்கும் மூண்டு மாரி போட்டுப் பாத்தாச்சு. முதல் மாரி ஒரு கண்டும் முளைக்கல்ல. ரெண்டாவது மாரி முளைச்சது பதினொண்டு, கோழி கிளறினது போக மிஞ்சினது நாலு. மூண்டாவது மாரி முப்பது குழி போட்டு இருவத்திரெண்டு கிழங்கு கிண்டினன். பெருசு எண்டா ஒரு நடுத்தரக் கரட் அளவு, சிறுசு எண்டா பெருவிரல் மொத்தம். லண்டன் கடையில விக்கிற மாதிரி மணிக்கட்டு மொத்தத்துல நம்மட சூட்டுக்கு வராது, வரும் எண்டு ஆராவது சொன்னா நம்பி காசு செலவழிக்காதீங்க. இதுக்குப் புடிச்ச சூடு 15இல இருந்து 20 டிகிரி. நமக்கு மார்கழியிலயும் பகல்ல 28 வரைக்கும் போகும், ராவுலயும் 23, 24க்குக் கீழ இறங்காது. அதால இது விக்கிறதுக்குப் போடுற பயிர் இல்ல, வளவுல ஒரு மூலையில ஆசைக்குப் போடுற சாமான். வூட்டுச் சமையலுக்குக் கிழங்கு வேணும் எண்டா முள்ளங்கியும் பீற்றூட்டும் போடுங்க, கரட் எண்டா சூடு தாங்குற நியூ குறோடா ஜாதி போடுங்க, கீழ சொல்ற முறை அதுகளுக்கும் முக்காவாசி பொருந்தும்.

ஆனா ஒண்டு, பாஸ்னிப்புட கஷ்டம் முழுக்க முதல் ஒரு மாசத்துக்குள்ளதான் கிடக்கு. முளைக்க வெச்சிட்டீங்க எண்டா மிச்சம் கரட் மாதிரித்தான். அதால நானும் அந்த ஒரு மாசத்தத்தான் நீட்டிச் சொல்லப் போறன்.

விதை

முதல் மாரி நான் கவிண்டது விதையிலதான். தக்காளி விதை, பூசணி விதை எல்லாம் காய வெச்சு போத்தல்ல போட்டா நாலு வரிசம் கழிச்சும் முளைக்கும். பாஸ்னிப் விதைக்கு அந்த ஆயுசு இல்ல. ஒரு வரிசம் தாண்டினா பெரும்பாலும் செத்திரும், ரெண்டு வரிசம் எண்டா குப்பைதான். நான் ஒன்லைன்ல கொழும்புக் கடை ஒண்டுல ஓடர் பண்ணினன், கடைப்பேர் இப்ப தேவல்ல, பக்கெட் வந்த சந்தோசத்துல பின்பக்கம் ஒண்டும் பாக்காம கொண்டு போய்ப் போட்டுட்டன். இருவத்தஞ்சு நாள் விடிய எழும்பித் தண்ணி ஊத்தினது மிச்சம். பொறகு வெத்துப் பக்கெட்டத் தேடி எடுத்துப் பாத்தா பொதி பண்ணி ரெண்டு வரிசத்துக்கு மேல ஆகியிரிக்கு, அந்தத் திகதிக்கு மேலதான் விலை ஸ்ரிக்கர் ஒட்டிக் கிடக்கு. அதால வாங்க முதலே கேளுங்க, எந்த வரிசத்து விதை எண்டு, ஏலுமெண்டா பின்பக்கத்தப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அனுப்ப மாட்டம் எண்டு சொன்னா வேற கடை பாருங்க.

லண்டன்ல இருந்து வாற ஆக்கள்ட சொல்லி பேக்குக்குள்ள போட்டுக் கொண்டு வந்தா என்ன எண்டு கேப்பீங்க, மச்சாளும் அதைத்தான் சொன்னா. வேணாம். 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இரிக்கு, விதையோ கண்டோ வெளிநாட்டுல இருந்து கொண்டு வாறதெண்டா முதலே அனுமதி எடுக்கோணும், கட்டுநாயக்கா எயார்போட்டுல தாவரத் தொற்றுத்தடுப்பு ஆக்கள்ட காட்டோணும். ஒரு பக்கெட்தானே எண்டு நினைப்பம், ஆனா அந்த ஒரு பக்கெட்டோட இங்க இல்லாத நோய் வந்து சேந்தா தோட்டக்காரன் எல்லாரும்தான் அனுபவிக்கோணும். இங்க ஒழுங்கா இறக்கி விக்கிற கடையில வாங்குங்க.

ஜாதியும் பாத்து எடுங்க. ஹொலோ க்றௌன் எண்டு ஒரு பழைய ஜாதி இரிக்கு, அது ஒரு அடிக்கு மேல கீழ போற நீட்டுக் கிழங்கு, புதுசாப் போடுற ஆக்களுக்கு அது சரிவராது. பக்கெட்டுல கட்டைக் கிழங்கு எண்டு போட்டிரிக்கிறதாப் பாருங்க. மிஞ்சிற விதையச் சின்னக் கண்ணாடிப் போத்தல்ல, அடியில வறுத்து ஆற வெச்ச அரிசி ஒரு புடி போட்டு, இறுக்கி மூடி ஃபிரிட்ஜுல வைங்க. அப்படி வெச்சாலும் அடுத்த மாரிக்கு மேல நம்பாதீங்க.

இன்னொண்டு, பக்கெட்ட ஃபேனுக்குக் கீழ வெச்சு உடைக்காதீங்க. விதை தட்டையா, ஈசல் சிறகு மாதிரி மெல்லிசா, நடுவுல ரெண்டு மூண்டு கபிலக் கோடோட இரிக்கும், ஊதினாலே பறந்திரும். ரெண்டாவது மாரி எனக்குப் பாதி விதை ஹோல் முழுக்கப் பறந்து, மனிசி விளக்குமாறால கூட்டி எடுத்துத் தந்தது.

எப்ப போடுறது

கிழங்கு திரளுறதுக்கு நாலு மாசம், கொஞ்சம் கூடவும் புடிக்கும். நமக்குக் குளிர்ச்சி எண்டு சொல்லக்கூடிய காலம் கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும்தான். கச்சான் காத்து, திங்கிற கச்சான் இல்ல, அந்த வைகாசி ஆனியில இருந்து மேற்கால வாற நெருப்புக் காத்து, அது தொடங்க எவ்வளவோ முதல் கிழங்கு வெளிய வந்திரோணும். அதால கணக்கு இதுதான்: நவம்பர் நடுவுல விதை, மார்ச் கடைசியில கிழங்கு, சித்திரை வரிசத்துக்கு முந்தி எல்லாம் முடிஞ்சிரோணும்.

இதுல ஒரு கரைச்சல் இரிக்கு. நவம்பர் டிசம்பர்தான் நமக்கு மழை அடிச்சு ஊத்துற நேரம். நிலத்துல அப்படியே விதைச்சா ஒரு ராவு மழை எல்லாத்தயும் அள்ளிக்கொண்டு வாவியில போட்டிரும். அதாலதான் நான் விதைய நிலத்துல முளைக்க வைக்கிறல்ல, வூட்டுக்குள்ள முளைக்க வெச்சிட்டுத்தான் வெளிய கொண்டு போறன்.

வூட்டுக்குள்ள முளைக்க வைக்கிறது

சாப்பாட்டுப் பெட்டி மாதிரி மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டி எடுங்க. அடியில ரிஷூ பேப்பர் நாலு மடிப்பு, தண்ணி தெளிச்சு, பெட்டியச் சரிச்சா ஒரு சொட்டும் ஓடாத அளவுக்கு ஈரம். விதைய ஒண்டோட ஒண்டு முட்டாமப் பரப்புங்க. மேல இன்னொரு ஈரப் பேப்பர். மூடிய லேசா வைங்க, இறுக்காதீங்க, விதைக்கும் மூச்சு வேணும்.

இப்ப எங்க வைக்கிறது எண்டதுதான் விசயம். நம்மட குசினி மேல் தட்டு, டிவிக்குப் பின்னால, இதெல்லாம் சூடான இடம். எங்கட வூட்டுல அம்மாட காலத்துத் தண்ணிக் கூசா ஒண்டு இரிக்கு, மண் கூசா, அது ஒரு சட்டி மணலுக்கு மேல நிக்கும், கூசாவுல கசியுற தண்ணியில அந்த மணல் எப்பவும் ஈரமாவும் குளிராவும் இரிக்கும். அந்த மணல்லதான் பெட்டியக் கொஞ்சம் புதைச்சு வைக்கிறன். கூசா இல்லாத ஆக்கள் சிமெந்து நிலத்துல, வெயில் படாத மூலையில, கட்டிலுக்குக் கீழ வைங்க. ஃபிரிட்ஜுல வெச்சா விதை செத்துப் போகாது, ஆனா அங்க முளைக்கிறதுக்கு மாசக்கணக்காப் போகும், பொறுமை இரிக்காது.

பத்தாம் நாள்ல இருந்து தினமும் திறந்து பாருங்க. முதல்ல விதைட ஒரு நுனி கொஞ்சம் பிளந்து, வெள்ளையா ஊசி முனை மாதிரி ஒண்டு எட்டிப் பாக்கும். சில விதை பத்து நாள்ல வரும், சிலது இருவத்தஞ்சு நாளும் புடிக்கும், எல்லாம் ஒண்டா வராது. இடையில பூசணம் புடிச்ச விதையக் கண்டா ஒடனே எடுத்து வீசிட்டு மத்தத புதுப் பேப்பருக்கு மாத்துங்க. அந்த வெள்ளை முனை அரிசி அளவுக்கு வர முதல், கூடினது கால் இஞ்சி, அதுக்குள்ள மண்ணுக்குப் போயிரோணும். நீண்டு போனா வேர் பேப்பருக்குள்ள பூந்திரும், இழுத்தா முறியும், முறிஞ்சா கதை முடிஞ்சுது, ஏனெண்டா அந்த ஒரு வேர்தான் நாளைக்குக் கிழங்கு. கத்தரி, மிளகாய் மாதிரி தட்டுல நாத்துப் போட்டு வளத்து பொறகு புடுங்கி நடுற வேலை இதுக்கு ஆகவே ஆகாது. நட்டா உயிரோட நிக்கும், ஆனா கீழ பாத்தா சிலந்தி மாதிரி நாலு பக்கமும் கால் விட்டுக் கிடக்கும்.

மண்ணும் குழியும்

எங்கட வூடு கல்லடிப் பக்கம், கடல் மணல். இதுல ஒண்டும் வராது எண்டு சொல்லுவாங்க, ஆனா கிழங்குக்கு மணல் நல்லது, வேர் தடையில்லாம நேரே இறங்கும். மணல்ட குறை என்னெண்டா தண்ணியும் பசளையும் நிக்காது, ஊத்த ஊத்தக் கீழ போயிரும். வாவிக்கு மேற்கால, படுவான்கரைப் பக்கம் இரிக்கிற ஆக்களுக்கு இதுக்கு மாறான கரைச்சல். கொக்கட்டிச்சோலையில என்ட கூட்டாளி ஒருத்தன் களி மண்ணுல போட்டான், அவன்ட கிழங்கு மூண்டு இஞ்சி இறங்கி, கல்லுல முட்டின மாதிரித் திரும்பி மேல பாத்து வளைஞ்சிரிக்கு.

ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதான், அலவாங்கு. முதல்ல தண்ணி ஊத்தி நிலத்த ஊற விடுங்க. அலவாங்க நட்டுக்கு நேரே ஒண்டரை அடிக்கு இறக்கி, பொறகு மேல் நுனியப் புடிச்சு வட்டமாச் சுத்துங்க, ஒரல்ல மா இடிச்சு முடிஞ்ச பொறகு உலக்கையச் சுத்திற மாதிரி. கீழ கூராவும் மேல நாலு இஞ்சி அகலமாவும் ஒரு குழி வரும், கடையில கடலை சுத்தித் தாற பேப்பர்ச் சுருள் மாதிரி. அந்தக் குழிக்குள்ள நல்ல கலவைய நிரப்பி விட்டா கிழங்கு அந்தக் குழிட வடிவத்துலயே வளரும். மணல் நிலத்துல குழி ஒடனே இடிஞ்சு விழும், அதால ஒராள் அலவாங்க இழுக்க இழுக்க மத்த ஆள் கலவையக் கொட்டோணும். எனக்கு இதுக்கு மகன்தான் கூலி, ஒரு குழிக்கு ஒரு ரொபி.

குழிக்குக் குழி ஆறு இஞ்சி, வரிசைக்கு வரிசை ஒரு அடி விட்டாப் போதும். நிலத்துல தண்ணி நிக்கிற வளவு எண்டா பாத்திய முக்கால் அடி உயர்த்திக் கட்டிட்டு அதுக்கு மேல குழி போடுங்க. வளவே இல்லாத ஆக்கள் 50 கிலோ உரப்பைய மேல கொஞ்சம் மடிச்சு விட்டு நிரப்பலாம், அடியில ஓட்டை போடோணும், ஒரு பைக்கு நாலு கண்டுக்கு மேல வேணாம்.

கலவை இப்படி: மணல் ரெண்டு பங்கு, நல்லா உக்கின கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு, அதான் தேங்காத் தும்புல கொட்டுற தூள், ஒரு பங்கு. எல்லாத்தயும் அரிதட்டுல அரிச்சு எடுக்கோணும், ஒரு சின்னக் கல்லு, ஒரு சிரட்டைத் துண்டு கிடந்தாலும் வேர் அதுல முட்டி ரெண்டாப் பிரியும். தும்புச்சோத்துல உப்பு இரிக்கும், ரெண்டு மூண்டு தரம் நல்ல தண்ணியில ஊற வெச்சுப் புழிஞ்சிட்டுப் போடுங்க. பச்சை மாட்டெரு, பச்சை ஆட்டுப்புழுக்கை கிட்டவும் கொண்டு வராதீங்க, சூட்டுல வேர் கருகிறதும் இரிக்கு, கிழங்கு கவர் விடுறதும் இரிக்கு. போன வரிசம் கத்தரிக்கோ வெண்டிக்கோ போட்ட எரு மிச்சம் உள்ள மண் நல்லதுதானே எண்டு கேப்பீங்க. பசளைப் பக்கம் நல்லதுதான், ஆனா நம்மட மணல்ல வேர் முடிச்சுப் புழு கூட, கத்தரி, வெண்டி, தக்காளி நிண்ட இடத்துல அது பெருகிக் கிடக்கும், அங்க கிழங்கு போட்டா கட்டி கட்டியாத்தான் வரும். கீரையோ சோளமோ நிண்ட இடம் பாருங்க.

யூரியாவும் வேணாம். 2021இல ரசாயனப் பசளைய நிப்பாட்டின நேரம் எங்கட ஊருல வளவுக்கு வளவு கூட்டெருக் குழி வெட்டினாங்களே, எங்கட குழி இன்னும் கிடக்கு, அதுதான் இப்ப கைகுடுக்கிறது. யூரியா போட்டா இலை முழங்கால் உயரத்துக்கு நிக்கும், கீழ ஒண்டும் இரிக்காது.

தண்ணியையும் ஒருக்கா ருசி பாருங்க. கரையோரத்துக் கிணறு சிலது கோடை தொடங்க உவர்த்திரும், இந்தக் கிழங்குக்கு உப்பு ஆகாது. மாரியில பீலித் தண்ணிய ஒரு பெரலுல புடிச்சு வெச்சா மாசி பங்குனிக்கு உதவும்.

மண்ணுக்குள்ள வைக்கிறது

பின்னேரம் வையுங்க, வெயில் இறங்கின பொறகு. குழிட நடுவுல விரலால அரை இஞ்சி பள்ளம். முளைச்ச விதையக் கையால புடிக்காதீங்க, ஈர்க்கு நுனிய நனைச்சுத் தொட்டா விதை அதுல ஒட்டி வரும், அப்படியே கொண்டு போய்ப் பள்ளத்துல வைக்கலாம். ஒரு குழிக்கு ரெண்டு மூண்டு. மேல அரிச்ச கலவைய விரல் நுனியால தூவுங்க, அமத்தாதீங்க.

பக்கத்துல, ஒவ்வொரு ரெண்டு குழிக்கு நடுவுல, ஒரு முள்ளங்கி விதை ஊண்டுங்க. அது மூண்டு நாலு நாள்ல முளைச்சு வரிசை எங்க எண்டு காட்டும், இல்லாட்டி களை புடுங்கிற நேரம் பாஸ்னிப்பையும் சேத்துப் புடுங்கிருவீங்க, தொடக்கத்துல வாற ரெண்டு இலை ஒடுங்கி நீட்டா புல்லு மாதிரித்தான் இரிக்கும். பாஸ்னிப்புக்கு இடம் தேவைப்பட முதல், ஒரு மாசம் போக, முள்ளங்கியப் புடுங்கிச் சாப்பிடலாம். பாஸ்னிப் கைவிட்டாலும் மாமிக்குக் காட்டுறதுக்கு ஏதோ ஒண்டு இரிக்கும்.

முளை மேல வர ஒரு கிழமை கிட்டப் போகும், அது வரைக்கும் ஈரச் சாக்கு ஒண்டால பாத்திய மூடுங்க, நாலு பக்கமும் கல்லு வெச்சு, நேரடி மழை அடிச்சாலும் விதை அசையாது. விடியவும் பின்னேரமும் சாக்கத் தூக்கிப் பாக்கிறது கட்டாயம். ஒரு பச்சை நூல் தெரிஞ்ச அண்டைக்கே சாக்க எடுத்திரோணும். ரெண்டாவது மாரி நான் ஒரு கலியாண வூட்டுக்கு வாகரை போய் ரெண்டு நாள் நிண்டிட்டன், வந்து தூக்கிப் பாத்தா எல்லாம் வெளுத்து, நூடில்ஸ் மாதிரி நீண்டு, சாக்கு நூலோட பின்னிக் கிடந்துது. சாக்க எடுத்த பொறகு மழைக்குப் பாத்திக்கு மேல கிடுகு ரெண்ட சரிச்சுக் கட்டி விடுங்க.

உரப்பையில போட்டிரிக்கிற ஆக்களுக்கு எறும்பு வந்தா, பையப் பலகைத் தட்டுல ஏத்தி, தட்டுக் கால் நாலுக்கும் சிரட்டையில தண்ணி வைங்க, மீன் பெட்டிக்கு வைக்கிற மாதிரித்தான். நத்தைக்கு மருந்து தேடாதீங்க, மழை விட்ட ராவுல டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கிறதுதான் மருந்து. பொறுக்கிறதெண்டா வெறுங்கையால வேணாம். கோழிக்கு வலை. வலை வாங்கக் காசு இல்லாட்டி பழைய மீன் வலை, அது நம்மட ஊருல ஆர் வூட்டுலயும் கிடக்கும்.

முளைச்ச பொறகு

மூண்டு நாலு இலை வந்ததும் ஒரு குழிக்கு ஒண்டு மட்டும் விடோணும். மனசு வராது, தெரியும், இவ்வளவு பாடுபட்டு முளைக்க வெச்சதாச்சே. எண்டாலும் திடமான ஒண்ட விட்டுட்டு மத்தத கத்தரிக்கோலால நிலத்தோட வெட்டுங்க, புடுங்கினா பக்கத்து வேரும் ஆடிரும். வெட்டினத வேற இடத்துல நட்டுப் பாப்பம் எண்டு நினைக்காதீங்க, மேல சொன்ன சிலந்திக் கதைதான்.

தண்ணிய ஒரே அளவா வெச்சிரிக்கிறதுதான் மிச்ச வேலை. ஒரு கிழமை காயப் போட்டு, பொறகு பாவம் எண்டு வாளி வாளியா ஊத்தினா கிழங்கு நெடுகப் பிளந்திரும். தை பிறந்து மழை குறைய வைக்கல் இல்லாட்டி கிளிசரியா இலைய ரெண்டு இஞ்சிக்குப் பரப்பி விடுங்க, மண் குளிரா இரிக்கும், களையும் கொறையும். மாசியில வெயில் ஏற, பகல் பதினொரு மணியில இருந்து மூண்டு மணி வரைக்கும் நிழல் விழுற மாதிரி அதே கிடுகத் தூக்கிக் கட்டுங்க. தை கடைசியில ஒருக்கா, மாசி நடுவுல ஒருக்கா, கண்டச் சுத்தி ஒரு புடி கூட்டெரு. கிழங்குட தோள் மண்ணுக்கு மேல தெரிஞ்சா மண் அணைச்சு விடுங்க. இவ்வளவுதான். இலை அஞ்சாறு காஞ்சா பயப்பட வேணாம்.

இலைப் பால்: இத மட்டும் கவனமா வாசிங்க

பாஸ்னிப் இலையிலயும் தண்டுலயும் இரிக்கிற பால் தோல்ல பட்டு, அதுக்கு மேல வெயிலும் பட்டா, அந்த இடம் நெருப்புச் சுட்ட மாதிரிக் கொப்பளிக்கும். ஒடனே தெரியாது. ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் சிவந்து வரும், அதுக்குள்ள நீங்க எங்க பட்டது எண்டதையே மறந்திரிப்பீங்க. குளிர் நாட்டுலயே இது நடக்குது எண்டா நம்மட வெயிலுக்கு யோசிச்சுப் பாருங்க. எனக்கு இடது முன்னங்கையில மூண்டு கோடு விழுந்துது, ஈர்க்கால அடிச்ச மாதிரி, அந்தக் கறுப்பு அடையாளம் போக ஆறு மாசத்துக்கு மேல போச்சு. பெரியம்மா கண்டுட்டு, "என்ன மனே இது, பொண்டாட்டி சூடு போட்டவளா" எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டுப் போட்டா.

அதால களை புடுங்க, இலை வெட்ட, கிழங்கு கிண்ட எல்லாத்துக்கும் நீட்டுக் கை சட்டையும் கையுறையும், அதுவும் பின்னேரம் அஞ்சு மணிக்குப் பொறகு. பட்டிட்டா ஒடனே சவுக்காரம் போட்டுக் கழுவி, அந்த இடத்த ரெண்டு நாளைக்கு வெயில் படாமத் துணியால மூடி வைங்க. கொப்பளம் பெருசா வந்தா ஆசுபத்திரிக்குப் போங்க, கை வைத்தியம் பாக்காதீங்க. சின்னப் புள்ளையள அந்தப் பாத்திக்குள்ள விடாதீங்க. இலைய ஆட்டுக்குப் போடுறதும் வேணாம், கறிக்கும் ஆகாது, எருக்குழியில போடுங்க. கிழங்குல இந்தப் பயம் நல்லாக் கொறைவு, கழுவித் தோல் சீவினாச் சரி.

கிண்டுறது, பொறகு ஃபிரிட்ஜுல ஒளிச்சு வைக்கிறது

பங்குனி நடுவுல ஒரு கண்டுட கழுத்தடி மண்ண விரலால கிளறிப் பாருங்க. தோள் ஒரு இஞ்சி அகலத்துக்கு வந்தா ஒண்டக் கிண்டிப் பாக்கலாம். பெருக்கட்டும் எண்டு சித்திரை தாண்டி விட்டா பெருக்காது, நடு முத்தி விறகாகும். இலையப் புடிச்சு இழுக்காதீங்க, முறிஞ்சு பாதி கீழ நிண்டிரும். பக்கத்துல அலவாங்க இறக்கிச் சரிச்சா மண் இளகி கிழங்கு தானா மேல வரும்.

வந்த அண்டைக்கே சமைச்சுத் திண்டா, நான் செஞ்ச மாதிரி, இதுக்கா இவ்வளவு பாடு எண்டு தோணும். மாச்சத்து ருசிதான் வரும், இனிப்பு இரிக்காது. இங்கிலாந்துல இத பனி கொட்டின பொறகுதான் கிண்டுவாங்க, குளிர் பட்டாத்தான் கிழங்குக்குள்ள இரிக்கிற மா சீனியா மாறும். நம்மட வளவுல பனிக்கு எங்க போற. ஆனா ஃபிரிட்ஜுல குளிர் இரிக்குதானே. இலைய ஒரு இஞ்சி விட்டு வெட்டி, கழுவாம மண்ணத் தட்டிட்டு, ஓட்டை போட்ட பொலித்தீன் பையில போட்டு, ஃபிரிட்ஜுல ஆகக் குளிரான இடத்துல, உறையாத இடமாப் பாத்து, ரெண்டு கிழமை வைங்க. முதல் தரம் பாதிய ஒடனே சமைச்சு மிச்சத்த ரெண்டு கிழமை கழிச்சு எடுத்தம், மனிசி இது வேற கிழங்கு எண்டுதான் சொன்னா. ரெண்டு கிழமைக்கு ஒரு தட்டு பாஸ்னிப்புக்குப் போயிரும், மீன் வைக்க இடம் இல்ல எண்டு குசினியில பேச்சு விழும், அத நீங்களே சமாளிங்க.

சமைக்கிறது லேசு. தோலச் சீவி, நெடுகப் பிளந்து, நடுவுல நார் மாதிரி இரிந்தா அத வெட்டி வீசுங்க. எங்கட வூட்டுல எடுபட்டது பால்கறிதான், வெங்காயம், பச்சை மிளகா, கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள், ரெண்டாம் பால்ல அவிய விட்டு இறக்கிற நேரம் முதல் பால், கடைசியில தேசிக்காய் கொஞ்சம் கூடப் புழியோணும், ஏனெண்டா இனிப்பு. வத்தாளங் கிழங்கும் கரட்டும் கலந்த மாதிரி ஒரு ருசி. மெல்லிசாச் சீவி தேங்காண்ணையில பொரிச்சு உப்பும் மிளகுத்தூளும் போட்டா புள்ளையள் சண்டை புடிக்கும், ஆனா சீக்கிரம் கருகும், அடுப்பக் கொறைச்சு வைங்க.

விதைக்கு ஒண்டு ரெண்ட விட்டு வைப்பம் எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு: பாஸ்னிப் ரெண்டாவது வரிசம்தான் பூக்கும், அதுக்கும் நடுவுல ஒரு குளிர்காலம் பட்டிரோணும். நம்மட ஊருல அது நடக்காது, நான் ஒண்ட விட்டுப் பாத்தன், வைகாசிக் கச்சான்ல காஞ்சு கிழங்கும் உளுத்துப் போச்சு. வரிசா வரிசம் புது பக்கெட் வாங்கத்தான் வேணும். ஒக்டோபர்ல ஓடர் பண்ணினாத்தான் நவம்பர் நடுவுக்குக் கைக்கு வரும், திகதியப் பாக்காம மட்டும் வாங்காதீங்க.

கிண்டி முடிஞ்ச குழியளச் சும்மா விடாம நான் கீரை தூவி விட்டிர்றன். ஒண்டரை அடிக்கு அரிச்ச மண், ஒரு கல்லு இல்ல, அந்த இடத்துல வாற தண்டங்கீரை பெருவிரல் மொத்தத்துல நிக்கும். பெரியம்மா பாஸ்னிப் பக்கம் திரும்பியும் பாக்க மாட்டா, கீரைக்கு மட்டும் கடகத்தோட வந்திருவா.